“முழுங்கிட்டா” என்று நான் சொன்னது

தரணி,

லெட்டர்னா மொதல்ல சௌக்கியம் கேக்கணும்னு எனக்கும் தெரியும். நான் சௌக்கியமா இல்ல. நீயும் இல்ல. இதுல கேட்டு இன்னா ஆவப்போவுது? நேரா விஷயத்துக்கு வரேன். நீ மெட்ராஸ்லேர்ந்து அனுப்பின கவர் திங்கக்கெழமையே கைக்கு வந்துடுச்சி. மூணு பக்கம் டைப் அடிச்சது, கடைசிப் பக்கத்துல நான் கையெழுத்து போடவேண்டிய எடத்துல பென்சில்ல ஒரு பெருக்கல் குறி. தெனம் போன் பண்ணி “போட்டியா நைனா?”ன்னு கேக்கற. கண்ணு எரியுது, நாளைக்கி படிச்சிட்டு போடறேன்னு நானும் தெனம் சொல்றேன். கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல. ஏழு தடவ படிச்சாச்சி. நாலாவது பத்தில நீ எழுதியிருக்கறது எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சி: “செஞ்சியில் கொடுக்கப்பட்ட மாத்திரைகள் அனைத்தையும் என் தாயார் விழுங்கினார். அதை என் தந்தை நேரில் பார்த்தார்.” நான் கையெழுத்து போடல. போட மாட்டேன். ஏன்னு போன்ல சொல்லலாம்னு ரெண்டு தடவ நெனச்சேன். நீ நைனான்னு கூப்பிட்டதும் வேற பேச்சுக்குப் போயிடறேன். அதான் கடையில ஆள உக்கார வச்சிட்டு, உள்ள உர மூட்டைங்க நடுவுல உக்காந்து எழுதறேன். நின்னுக்கிட்டு படிக்காத. எங்கியாச்சும் உக்காந்து படி.

உன் கோவம் எனக்குப் புரியாம இல்ல. உங்கம்மா செத்து ஒன்றர மாசம் ஆவுது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில அவளுக்கு வைத்தியம் பாத்த அந்தச் சின்ன வயசு டாக்டர் மேல நீ புகார் குடுக்கற. மொத தடவ ஸ்டென்ட் வச்சி அடைப்பத் தொறந்தாரு, சாயங்காலமே அதே எடத்துல திரும்ப ரத்தம் கட்டிக்கிச்சி, அப்ப அந்தாளு கையில சிரிஞ்ச புடிச்சி உறிஞ்சி எடுத்தாரே தவிர மிஷின் போடல, போட்டிருந்தா எங்கம்மா பொழச்சிருப்பாங்கன்னு எழுதியிருக்க. அந்த மிஷினத்தான் நீ ஆறு வருஷமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கி விக்கிற. அதனால நீ சொன்னா எடுபடும், தெரிஞ்ச ஆளு சொல்றான்னு நம்புவாங்க. எனக்கு அதான் பயம்.

போன வருஷம் நீ வந்தப்போ அந்த மிஷினப் பத்தி எங்களுக்குப் பாடமே எடுத்த, ஞாபகம் இருக்குதா? கண்ணாடிக் குழாய்க்குள்ள செவப்பு ஜெல்லிய அடைச்சி வச்சி, இதான் இருதயத்து ரத்தக்குழாய், இதான் ரத்தக்கட்டின்னு காட்டின. மெல்லிசான ஒரு டியூப உள்ள விட்டு பட்டன அமுக்கின. சர்ர்ருன்னு இழுத்துக்கிச்சி. உங்கம்மா கையக் கட்டிக்கிட்டு வாயப் பொளந்து பாத்தா. “எல்லாத்தயும் எடுத்துடுமாடா?”ன்னு கேட்டா. “ஒரு துண்டு விடாதும்மா”ன்னு சொன்ன. உன் மொகத்துல அன்னிக்கி இருந்த பெரும எனக்குப் பிடிச்சிது, சொல்லல, அவ்ளோதான். அப்புறம் சோறு சாப்புடும்போது பொலம்பின. பாண்டியில ஒரு டாக்டர் வாங்க மாட்டேன்னுட்டாரு, எல்லாருக்கும் இத போட்டா நல்லதுன்னு நெனச்ச காலம் போயிடுச்சி, அவசியம்னா மட்டும்தான் போடணும், இழுக்கும்போது ஒரு துண்டு தப்பி மூளைக்குப் போனா யாரு பதில் சொல்றதுன்னு கேட்டாரு, வெவரம் இல்லாத ஆளுன்னு திட்டின. அதே டாக்டர் கையிலதான் உங்கம்மா போய்ச் சேருவான்னு அப்ப யாருக்குத் தெரியும். உனக்கு அவரு மேல முன்னாடியே காய்ச்சல் இருந்துச்சி தரணி. அத நீ ஒத்துக்கணும்.

இப்ப உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். எங்களுக்குக் கல்யாணமான மொத வருஷம் உங்கம்மா அஷ்டமி, சதுர்த்தசி எதையும் விடாம உபவாசம் இருப்பா. தண்ணிகூட இல்லாம. ஒரு தடவ மேல்சித்தாமூர் ஜைனர் கோயில் தேர்க் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் மயங்கி விழுந்துட்டா. பொண்டாட்டிக்கு சோறு போடாம வச்சிருக்கான்னு ஊரு பேசுமேன்னு எனக்கு ஒரே மானக்கேடு. தாடையப் புடிச்சி அழுத்தி, ஒரு டம்ளர் மோர வாய்ல ஊத்திட்டேன். அவ முழிச்சிப் பாத்தா பாரு, ஒரு பார்வ. விரதம் போச்சின்னு ஒரு மாசம் என்கிட்ட பேச்சே இல்ல. சமைப்பா, பரிமாறுவா, பேச மாட்டா. கடைசில நான்தான் எறங்கி வந்தேன். “இனிமே நீயா கேக்காம உன் வாயில நான் எதயும் போட மாட்டேன், சத்தியம்”னு சொன்னேன். முப்பத்தஞ்சி வருஷம் அந்தச் சத்தியத்தக் காப்பாத்தினேன். என்னைய நானே மெச்சிக்கிட்டேன்.

அவளுக்கு நெஞ்சு வலி வந்த அன்னிக்கும் சதுர்த்தசி. உன் வேல ஆட்டம் கண்டுட்டு இருக்குதுன்னு நீ சொன்னதுலேர்ந்து, அது நெலைக்கணும்னு வேண்டிக்கிட்டு பதினாலு சதுர்த்தசி உபவாசம் எடுத்திருந்தா. இத எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். உன் தலையில ஏத்தறதுக்காக எழுதல. நீ கேட்டு அவ எடுக்கல, நீ கோச்சிக்குவன்னு உன்கிட்ட சொல்லவும் வேணாம்னா. அன்னிக்கி பன்னெண்டாவது. காலையில பத்து மணிக்கு கடைக்கு போன் பண்ணி, நெஞ்சு கரிக்குதுன்னா. வெறும் வயிறு, வாயு ஏறியிருக்கும், படுன்னு சொன்னேன். பாரு, பயிருக்கும் பூச்சிக்கும் வைத்தியம் சொல்றவன் பொண்டாட்டிக்கும் சொல்லிட்டேன். ஒரு விவசாயி நெல்லுக் கருது வெளுக்குதுன்னு கையில கொண்டாந்து நின்னான், அவன்கிட்ட அரை மணி நேரம் பேசினேன். வீட்டுக்குப் போனா அவ வேர்வையில பொடவையெல்லாம் நனைஞ்சி, சுவரப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. இடது தோள்ல ஆரம்பிச்சி தாடை வரைக்கும் வலின்னா. ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு பஜார் தாண்டி அந்தச் சின்ன கிளினிக்குக்கு ஓடினேன்.

அங்க இருந்த டாக்டரம்மா நல்லவங்க. வந்ததும் ஈசிஜி எடுத்தாங்க, காயிதம் வெளிய வரும்போதே அவங்க மொகம் மாறிடுச்சி. பெரிய அட்டாக்குன்னாங்க. ரெண்டு மாசம் முன்ன உங்கம்மா மாடிப்படியில விழுந்து மண்டையில தையல் போட்டதச் சொன்னேன். அப்படின்னா கட்டியக் கரைக்கிற ஊசி போட முடியாது, மூளையில ரத்தம் கசிஞ்சிடும், நேரா பாண்டிக்கிக் கொண்டு போங்க, நான் பேசி வக்கிறேன்னாங்க. ஒரு சின்னக் கவர்ல மாத்திரைங்களப் போட்டு, “இத இப்பவே மென்னு முழுங்கச் சொல்லுங்க, ரத்தம் மேல மேல கட்டாம இருக்கறதுக்கு இதான் முக்கியம்”னு என் கையில குடுத்தாங்க. நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணி வச்சிட்டு ஆம்புலன்சுக்குப் போன் பண்ணப் போனா. அங்க நானும் உங்கம்மாவும் மட்டும்தான்.

அவ வாய இறுக்கிக்கிட்டா. “உபவாசம்ங்க. நாளைக்கிக் காலையில பாரணை பண்ணி விரதத்த முடிச்சிட்டு போட்டுக்கறேன்”னா. அடியே உயிரு போவுதுடின்னேன். “பன்னெண்டு வந்துட்டேன், இன்னும் ரெண்டுதான். நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்க”ன்னா. அந்த வலியிலயும் அத ஞாபகம் வச்சிருந்தா தரணி. நான் கத்தியிருக்கணும். டாக்டரம்மாவக் கூப்பிட்டிருக்கணும். நம்ம கோயில்ல பூஜ பண்ற உபாத்தியாயருக்கு ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். காரியமெல்லாம் ஆனப்புறம் அவரு தலையில அடிச்சிக்கிட்டாரு. “நோயாளிக்கு மருந்து குடுத்தா விரதம் கெடும்னு யாருப்பா சொன்னது? என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?”ன்னாரு. கேக்கல. நர்ஸ் செருப்பு சத்தம் கேட்டுச்சி. பொண்டாட்டிய ஒரு மாத்திர முழுங்க வைக்கத் துப்பில்லாதவன்னு நெனப்பாளேன்னு, மாத்திரைங்கள சட்டப்பையில போட்டேன். டம்ளர்த் தண்ணிய வாஷ்பேசின்ல ஊத்தினேன். “குடுத்துட்டீங்களா?”ன்னு நர்ஸ் கேட்டா. “முழுங்கிட்டா”ன்னேன். அவ சீட்டுல டிக் அடிச்சா.

ஆம்புலன்ஸ்ல போனத இப்ப எழுத முடியல. கடைசில எழுதறேன்.

பாண்டியில அந்த டாக்டர் வாசல்லயே நின்னாரு. சீட்டப் படிச்சாரு, மாத்திர ஆச்சா, சரின்னாரு, உள்ள தள்ளிக்கிட்டு போனாரு. முக்கா மணி நேரத்துல வெளிய வந்து, அடைப்பத் தொறந்து ஸ்டென்ட் வச்சாச்சி, பயப்படாதீங்கன்னு என் தோள்ல கை வச்சாரு. நான் கையெடுத்து கும்புட்டேன். மாத்திர இல்லாமயே வேல முடிஞ்சிடுச்சே, பொய்யும் தப்பிச்சிது, விரதமும் தப்பிச்சிதுன்னு ஒரு நெனப்பு ஓடிச்சி பாரு, என்னைய செருப்பால அடிக்கணும். நீ நாலு மணிக்கு வந்து சேந்த. அம்மா உன்னைப் பாத்து சிரிச்சா. பொழுது சாயறதுக்குள்ள திரும்ப வலி. மானிட்டர் கத்துது, ஓடறாங்க. டாக்டர் உள்ள போறதுக்கு முன்ன திரும்பி என்கிட்ட வந்தாரு. நீ என் பக்கத்துல என் கையப் புடிச்சிக்கிட்டு நின்ன. “ஐயா, நல்லா யோசிச்சி சொல்லுங்க. செஞ்சியில குடுத்த மாத்திர உள்ள போச்சா? வாந்தி கீந்தி எடுத்தாங்களா? இவ்ளோ சீக்கிரம் கட்டக்கூடாது, அதான் கேக்கறேன்”னாரு. எவ்ளோ தெளிவா கேட்டாரு பாத்தியா. நான் உன்னைப் பாத்தேன். அவரப் பாத்தேன். “முழுங்கிட்டா. நான்தான் குடுத்தேன்”னேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ரெண்டு மணி நேரம் கழிச்சி அவரு வெளிய வந்தப்ப சட்ட உடம்புல ஒட்டிக்கிட்டு இருந்துச்சி. வெள்ளத் துணியில கருஞ்செவப்பா சின்னச் சின்னத் துண்டு, குழாய் விட்டு உறிஞ்சி எடுத்ததுன்னு காட்டினாரு. எடுக்க எடுக்க கட்டுது, குழாய் தொறந்திருக்குது, ஆனா ரத்தம் கீழ எறங்க மாட்டேங்குதுன்னாரு. நீ அங்கியே அவரு மேல பாஞ்ச. “மிஷின் இருந்திருந்தா? உன்கிட்ட விக்க வந்தவன்டா நான்!”னு கத்தின. அவரு தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. உன்னைத் தடுத்துப் புடிச்ச கை என் கைதான். ஆனா வாயத் தொறக்கல. மூணாம் நாளு காலையில அவ போயிட்டா.

சின்னப் புள்ளையில நீ கணக்குப் பரீட்ச பேப்பர ஒளிச்சி வச்சிட்டு, இன்னும் குடுக்கலன்னு சொன்ன. நான் உன்ன வாசல்ல நிக்க வச்சி பெல்ட்டால அடிச்சேன். மார்க்குக்காக அடிக்கல, பொய்க்காக அடிக்கறேன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன். உங்கம்மா குறுக்க வந்து ஒரு அடி வாங்கிக்கிட்டா. நம்ம கடையில கலப்படம் இல்ல, நயினார் வாயில பொய் வராதுன்னு சுத்துப்பட்டு ஊர்ல பேரு. அவலூர்பேட்டைலேர்ந்துகூட பஸ் ஏறி நம்ம கடைக்கு வரான். அந்தப் பேரக் காப்பாத்தத்தான் ஒரு பொய்ய மறைக்க அடுத்த பொய் சொன்னேன். பொய்யே சொல்லாதவன்னு பேரெடுத்தவனுக்கு ஒரு பொய்ய ஒத்துக்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? உனக்கு அந்த மாதிரி பேரு எதுவும் வேணாம். தப்பு பண்ணா பண்ணிட்டேன்னு சட்டுன்னு சொல்லிடற ஆளா இரு. நாலு பேரு திட்டுவான், திட்டட்டும். டாக்டர் கேட்டா மட்டும் மானம் பாக்காத. குடிச்சியான்னா குடிச்சேன்னு சொல்லு, மாத்திரய விட்டுட்டியான்னா விட்டுட்டேன்னு சொல்லு.

போன வியாழக்கெழம கடைய மூடிட்டு பஸ் ஏறி பாண்டிக்கிப் போனேன். உனக்குச் சொல்லல. டோக்கன் வாங்கிக்கிட்டு நோயாளிங்களோட நோயாளியா உக்காந்தேன். என்னைப் பாத்ததும் அவரு மொகம் வெளுத்துப் போச்சி, சண்டைக்கி வந்திருக்கேன்னு நெனச்சாரு. எல்லாத்தயும் சொன்னேன். எல்லாத்தயும்னா, கிளினிக்ல நடந்ததும் அவருகிட்ட சொன்ன பொய்யும். ரொம்ப நேரம் பேனாவ மூடி மூடித் தொறந்தாரு. “அன்னிக்கி நான் அவ்ளோ கேட்டேனேங்க”ன்னாரு. வேற எதுவும் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவரு அந்த ஒன்றர மாசமா கை வேலைய நம்ப முடியாம, ஒவ்வொரு ஸ்டென்ட்டும் வச்சிட்டு வீட்டுக்குப் போவ பயந்து, வார்டுலயே உக்காந்திருந்தாராம். “சொல்லியிருந்தா மொதல்லயே ஊசி வழியா வேற மருந்து ஏத்தியிருப்பேன்”னாரு. “என் பையன் சொல்ற மிஷின் இருந்திருந்தா?”ன்னு கேட்டேன். “மிஷின் கட்டுன கட்டிய எடுக்கும்ங்க. திரும்பக் கட்டாம பாத்துக்கறது மருந்துதான்”னாரு. மருந்து போயிருந்தா பொழச்சிருப்பாளா, அத மட்டும் சொல்லுங்கன்னேன். பொழச்சிருப்பாங்கன்னு சொன்னா தூக்குல தொங்கலாம், பொழச்சிருக்க மாட்டாங்கன்னு சொன்னா தூங்கலாம். “அதச் சொல்ல முடியாதுங்க. வாய்ப்பு கூடியிருக்கும்”னாரு. எனக்கு அது ரெண்டும் இல்லாம போச்சி. காலையில பல்லு வெளக்கும்போது பொழச்சிருப்பான்னு தோணுது. மத்தியானம் எப்படியும் போயிருப்பான்னு தோணுது. சாயங்காலம் திரும்பப் பொழச்சிருப்பா. இனி சாவற வரைக்கும் இப்படித்தான்.

உன் மூணு பக்கத்தயும் நான் கிழிக்கல. டாக்டர் பேர் இருக்கற எடத்துல அடிச்சி, என் பேர எழுதி, கீழ கையெழுத்து போட்டு இதோட வச்சிருக்கேன். நீ அத இன்னா வேணா பண்ணு. ஆனா அந்த மனுஷன விட்டுடு. அவருக்கு வேற வூட்டு அம்மாங்களக் காப்பாத்தற வேல இருக்குது. உனக்கு வெறுக்க ஒரு ஆள் வேணும், தெரியும். எனக்கே வேண்டியிருந்துச்சி, அதனாலதான் நீ அவரத் திட்டும்போதெல்லாம் ஊங்கொட்டிக்கிட்டு இருந்தேன். இனிமே ஆள் தேட வேணாம்.

ஆம்புலன்ஸ்ல நடந்தது பாக்கி. டாக்டருகிட்ட இத சொல்லல. உபாத்தியாயருகிட்ட சொல்லல. இத எழுதாமயே கவர ஒட்டிடலாம்னு கோந்து டப்பாவக்கூட எடுத்துட்டேன். இதுவரைக்கும் எழுதினதுல, அவ வேணாம்னா, நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டேன்னு எனக்கு ஒரு சின்ன ஒதுக்குப்பொறம் இருக்குது. அதுக்கும் எனக்கு யோக்கியத இல்ல.

திண்டிவனம் மேம்பாலம் எறங்கினோம். அந்த வலி உங்கம்மாவப் புரட்டிப் போட்டுச்சி. என் கையப் புடிச்சி இழுத்தா. “முடியலங்க. விரதம் போனா போவுது. அந்த மாத்திரய குடுங்க”ன்னா. முப்பத்தஞ்சி வருஷத்துல அவளா வாயத் தொறந்து கேட்டது அன்னிக்கித்தான். மாத்திர என் பையிலதான் இருந்துச்சி, தண்ணி பாட்டில் காலுக்குக் கீழ உருண்டுட்டு இருந்துச்சி. எதுக்க ஆம்புலன்ஸ் பையன் அந்தச் சீட்ட கையில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தான். அதுல டிக் அடிச்சிருக்குது. இப்ப எடுத்துக் குடுத்தா, அப்ப சொன்னது பொய்யான்னு கேப்பானே. அந்த ஒரு கேள்விக்கு பயந்துட்டேன் தரணி. அவ காதுகிட்ட குனிஞ்சி, “ஆஸ்பத்திரியில குடுப்பாங்க, கொஞ்சம் பொறுத்துக்கோ”ன்னேன். அவளுக்குப் புரிஞ்சிருக்கும், அவளுக்கு என்னைத் தெரியும். கொஞ்ச நேரம் வாயத் தொறந்தபடியே என் சட்டப்பையப் பாத்துக்கிட்டு இருந்தா. கிளியனூர் வரதுக்குள்ள, அவளே வாய மூடிக்கிட்டா.

உன் நைனா